அண்ணன் பெயரில் ஒரு நம்பர்

கல்வராயன் மலையிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் யார் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினாலும், நான் பில் போடும் மருந்துக்கடையில் ஒருமுறை தலையைக் காட்டாமல் போக மாட்டார்கள். மாத்திரை வாங்க வருகிறவர்கள் உண்டு. எந்த கம்பெனி சிம் வாங்கலாம் என்று கேட்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு. நானும் சலிக்காமல் சொல்வேன். ஒரு கம்பெனிக்கு மலையில் பள்ளத்து வீடுகளில்கூட சிக்னல் எடுக்கும், ஆனால் ரீசார்ஜ் விலை அதிகம். இன்னொன்று மலிவு, கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து தடங்கலில்லாமல் படம் பார்க்கலாம், கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் போன் வெறும் கடிகாரமாகிவிடும். ஒரு கம்பெனிக்குக் குறை சொல்லக் கூப்பிட்டால் மனிதக் குரல் வரும். மற்றொன்றில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் நன்றி சொல்லி வைத்துவிடும். கேட்டவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் எது இருக்கிறதோ அதையே வாங்கிப் போவார்கள்.

இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நம்பர் இருந்தது. அதைக் காப்பாற்ற அலைந்தபோது தெரிந்துகொண்டது.

அந்த நம்பரை வாங்கியது என் அண்ணன். எங்களுக்கு அம்மா இல்லை. நான் சிறு வகுப்பில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். கொஞ்சம் சாமைக் காடும் மரவள்ளியும் வைத்துக்கொண்டு அப்பா எங்கள் இருவரையும் வளர்த்தார். நான் அடிவாரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு காட்டில் நின்றான். ஒரு வருஷம் மழை சரியில்லாமல் சாமை கதிர் வைக்காமல் காய்ந்தபோது, மிளகு பறிக்க குடகுப் பக்கம் ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியிடம் பேர் கொடுத்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பாவைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போய் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். சிம் வாங்கப் போனபோது அப்பாவின் கைரேகை மெஷினில் விழவில்லை. மண்வெட்டி பிடித்தே ரேகை தேய்ந்த விரல்கள். கடைக்காரர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் அண்ணன் தன் விரலை வைத்தான். சிம் அவன் பெயரில் வந்தது. அன்றைக்கு அது ஒரு விஷயமாகவே யாருக்கும் படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மலைப் பக்கம் சிக்னல் கிடைத்ததே அந்த ஒரு கம்பெனிக்குத்தான். கடைக்காரர் காட்டிய நம்பர்களில் சொல்லிப் பார்க்கச் சுலபமாக இருந்ததை அண்ணன் பொறுக்கி எடுத்தான். வழி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே வந்து மனப்பாடம் செய்துவிட்டானாம். அப்பாதான் சொன்னார். அப்போது என்னிடம் போன் கிடையாது. ஆக, எங்களைக் கூப்பிட அவனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டான். பொங்கலுக்கு வந்தான், திரும்பப் போனான். அதற்கடுத்த மழைக்காலத்தில் அழைப்புகள் குறைந்தன. பிறகு அவன் நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே சொன்னது. மேஸ்திரியைக் கேட்டோம். அவன் வேறு எஸ்டேட்டுக்குப் போகிறேன் என்று கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான், எந்த எஸ்டேட் என்று தெரியாது என்றார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் விசாரித்தார்கள். அங்கிருந்தும் தகவல் எதுவும் வரவில்லை. குடிப்பழக்கமோ சண்டையோ கடனோ இருந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. ஒரு காரணமாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம்.

அதன்பிறகு அந்த போன் அப்பாவுக்கு வெறும் போனாக இருக்கவில்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மழை என்றால் கரண்ட் போகும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும் என்பதால், மேகம் கட்டுகிற நாளில் அவர் முகமே மாறிவிடும். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மாட்டுக்கொட்டகையின் கிழக்கு மூலையில் ஒரு கோடு காட்டும். அங்கே குச்சியில் ஒரு மஞ்சப்பையை மாட்டி அதற்குள் போனை வைத்தார். காட்டில் வேலை செய்கிற நேரத்திலும் மணியடித்தால் கேட்க வேண்டுமே என்று, கொட்டகையை ஒட்டிய துண்டு நிலத்தில் மட்டும்தான் பயிர் வைத்தார். மேல்காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டார்.

இதற்குள் நான் படிப்பை முடித்து, கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வேலையில் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கினேன். அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ் போடுவது என் பொறுப்பு. மாதம் என்பார்கள், இருபத்தெட்டு நாளில் முடிந்துவிடும். ஒரு கட்டத்தில் அந்த கம்பெனி விலையை ஏற்றிக்கொண்டே போனது. சிக்னலோ தேய்ந்துகொண்டே வந்தது. வேறு கம்பெனிகள் மலையில் புதிய டவர் வைத்தன. ஊரில் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். நானும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். நம்பர் அதேதான் இருக்கும், கம்பெனி மட்டும் மாறும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

"வூடு மாத்துனா கதவு நம்பர் மாறுது இல்ல? அது மாதிரிதான் இதுவும். நீ சும்மா இரு" என்றார்.

நான் விட்டுவிட்டேன். அவர் பயம் எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

ஒரு ஐப்பசியில் தொடர்ந்து மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. அப்பா நம்பர் கிடைக்கவே இல்லை. பஸ் விட்டதும் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார். மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். டவர் திரும்பி வந்திருந்தது. ஏதோ ரீசார்ஜ் செய்தி என்று அப்பா விட்டுவைத்திருந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். உங்கள் போன் தொடர்பில் இல்லாதபோது இந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஒரே நம்பர், திரும்பத் திரும்ப. மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில். கர்நாடக நம்பர்.

அப்பாவிடம் சொல்லாமல் தள்ளிப் போய் அடித்தேன். ஒரு ஆண் எடுத்து கன்னடத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னதும் தட்டுத் தடுமாறித் தமிழுக்கு வந்தார். மைசூர்ப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடை வைத்திருக்கிறாராம். யாரோ ஒரு ஆள் வந்து அவசரமாகப் பேச வேண்டும் என்று போன் கேட்டார், கொடுத்தேன், லைன் கிடைக்கவில்லை, திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார் என்றார். தமிழ் ஆளா என்று கேட்டேன். ஆமாம் போலிருக்கிறது என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அன்றே கிளம்பி, சேலம் போய் அங்கிருந்து மைசூர் பஸ் பிடித்தோம். அப்பா அவ்வளவு தூரம் பயணம் செய்தது அதுதான் முதல் தடவை. வழியில் எதையும் பார்க்கவில்லை. போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

ஜூஸ் கடைக்காரர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்தார். என் போனிலிருந்த அண்ணன் படத்தைக் காட்டினேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது புதுச்சட்டை போட்டு, பக்கத்து வீட்டார் போனில் எடுத்த படம். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"தாடி இருந்துச்சும்மா. ஆளு ஒல்லி. இவரா இருக்கலாம். இல்லன்னும் இருக்கலாம். நான் கவனிக்கலியே" என்றார்.

ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். லைன் போகவில்லை என்றதும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார், மழை விட்டதும் பஸ்கள் நிற்கிற பக்கம் போனார், அவ்வளவுதான் தெரியும் என்றார். அந்த ஊரில் எங்களுக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பக்கத்துக் கடைகளில் படத்தைக் காட்டினோம். காவல் நிலையத்திலும் சொன்னோம், நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். அப்பா பொழுது சாயும்வரை பஸ் ஸ்டாண்ட் தூணில் சாய்ந்து நின்று, இறங்குகிறவர்கள் முகத்தையும் ஏறுகிறவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தாடி வைத்த யாராவது கடந்தால் இரண்டடி பின்னால் போய்விட்டுத் திரும்பி வருவார். நான் அதைப் பார்க்க முடியாமல் ஜூஸ் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"டவர் இருந்திருந்தா பேசியிருப்பான். மாத்திடு பாப்பா. எது நல்லா எடுக்குதோ அதுக்கு மாத்திடு."

அப்பா சம்மதிப்பது ஒன்றுதான் தடை என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு, மலையில் நன்றாக எடுக்கிற கம்பெனியின் கள்ளக்குறிச்சி ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளுகுளு என்று ஏசி. அப்பா செருப்பை வெளியில் கழற்றப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன். டேபிளில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும் என்றாள். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, அவர் கூப்பிடுவார் என்றுதான் இந்த நம்பரையே வைத்திருக்கிறோம் என்று விவரம் எல்லாம் சொன்னேன். அவள் முகம் மாறியது. எழுந்து உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"எறந்தவங்க சிம்மா இருந்தா ஒரு வழி இருக்குதுக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இப்ப இருக்கற கம்பெனியில டெத் சர்டிபிகேட்டு, வாரிசு சர்டிபிகேட்டு குடுத்து உங்க பேருக்கு மாத்திக்கலாம். அப்புறம் இங்க கொண்டாந்தா எங்க கம்பெனிக்கு போர்ட் பண்ணிக் குடுத்துடுவோம். காணாமப் போனவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

தாழ்த்திச் சொன்னாலும் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா நம்பர் எங்களுக்கு. உசுரோட இருக்கான்னு சொன்னா இல்ல. இன்னாம்மா இது?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பழைய கம்பெனியின் ஆபீசுக்கும் போனேன். அதே பதில். வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனையோ முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுப்பார், முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். நான் அண்ணனைப் பற்றித் தொடங்கியதும், சார் லைனில் இருக்கிறாரா, அவரிடம் கொடுங்கள் என்பார்கள். ஒருமுறை ஒரு பையன், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று பாடமாக ஒப்பித்தவன், சட்டென்று நிறுத்தி, அண்ணன் கிடைச்சிடுவாருக்கா என்று தன் சொந்தக் குரலில் சொன்னான். பேசி முடித்ததும், எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுங்கள் என்று மெசேஜ் வந்தது. அவனுக்காக ஐந்து போட்டேன்.

கடைக்கு வருகிற வக்கீல் குமாஸ்தா ஒருவர், காணாமல் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டால் கோர்ட்டில் மனு போட்டு இறந்ததாக அறிவிக்கச் சொல்லலாம், அதை வைத்து எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஏழு வருஷம் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"அப்படி வாங்கின நம்பர்ல அவன் பேசினா, நான் இன்னான்னு பேசுவேன்?" என்றார் பிறகு.

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் பழைய கம்பெனியிலிருந்து புதுவிதமான மெசேஜ் வர ஆரம்பித்தது. பழைய வகை சிக்னலை நிறுத்தப் போகிறோம், புது சிம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று. மாற்றுவதற்கும் பெயருக்குரியவர் வர வேண்டும். முதலில் மலையில் சிக்னல் போனது. கொட்டகை மூலையிலிருந்த ஒரு கோடும் போயிற்று. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் இன்னும் எடுத்தது. போனை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அதைக் கையிலிருந்து விட அவருக்கு மனசே வரவில்லை. கொடுக்கும்போது, குளிக்கும்போதுகூடக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள், அவன் பேசினால் முதலில் எங்கே இருக்கிறாய் என்று கேள், அழுதுகொண்டு நிற்காதே என்றார். அவருக்கு என் பெயரில் வேறு சிம் வாங்கிக் கொடுத்தேன். மலையில் நன்றாக எடுக்கிற அதே கம்பெனி. தினமும் பொழுது சாய்ந்ததும் அதிலிருந்து கூப்பிடுவார்.

"வந்துச்சா?"

"இல்லப்பா."

சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடையில் பில் மெஷினுக்குப் பக்கத்தில் அந்த பட்டன் போனை வைத்திருந்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள், தப்பான நம்பருக்கு அடித்தவர்கள் என்று ஏதாவது அழைப்பு வரும். ஒவ்வொரு தடவையும் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு எடுப்பேன். ஒரு நாள் காலையில் கடை திறந்து வைத்தபோது திரையில் கோடுகளே இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன், தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். சேவை இல்லை என்றே இருந்தது. சாயந்தரம் அப்பா கூப்பிட்டார். நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. அவர் பக்கத்திலிருந்து மாட்டு மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மலையில் மாட்டு மணி கேட்கிற அளவுக்குத் துல்லியமாக எடுக்கிற சிம் அது.

அதன்பின் அவ்வப்போது என் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பேன். முதலில் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பிறகு உபயோகத்தில் இல்லை என்றது. சில மாதம் கழித்து ஒரு நாள் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். கடலூர்ப் பக்கம் தையல் வேலை செய்கிறவர். புது சிம் வாங்கினேன், இந்த நம்பர் கொடுத்தார்கள் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மெஷின் ஓடுகிற சத்தம் நின்றுபோனது.

"யாராச்சும் அப்படிக் கூப்பிட்டா உங்க நம்பரக் குடுக்கறேன்மா. எழுதி மெஷின்லயே ஒட்டி வெக்கறேன்" என்றார்.

அப்பாவிடம் சொன்னபோது, அந்தம்மாவுக்கு நிறைய வேலை இருக்குமா, போனைக் கூடவே வைத்திருப்பார்களா என்று கேட்டார். வைத்திருப்பார் என்றேன்.

பண்டிகை நாட்களில் அந்தத் தையல்கார அம்மாவைக் கூப்பிடுவேன். ஒருமுறை அவரே சொன்னார், வீட்டுக்குள் சிக்னல் சரியாக எடுக்காததால் வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டாராம். எனக்குப் பகீரென்றது. நம்பர் அதேதான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அவசரமாகச் சொன்னார். கடைக்குப் போய் விரலை வைத்தேன், உடனே எழுதிக்கொண்டார்கள், ஒரு வாரத்துக்குள் மாறிவிட்டது என்றார். எந்த கம்பெனி என்று கேட்டேன். நாங்கள் மாற நினைத்து முடியாமல் போன அதே கம்பெனி.

அப்பாவிடம் அதையும் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை.

"அது நல்ல கம்பெனிதான்" என்றார்.

இப்போது அவர் சாயந்தரம் கூப்பிடும்போது வந்துச்சா என்று கேட்பதில்லை. மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறார். மேல்காடு இன்னும் தரிசாகத்தான் கிடக்கிறது. கடலூர்க்கார அம்மாவை ஆடிப்பெருக்கு அன்று கூப்பிட்டேன். ஆவணிக் கல்யாணங்களுக்குத் துணி நிறைய வந்திருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றார். ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.